எல்லா அளவு விலங்குக்கும் ஒரே குண்டு: ரைஃபிளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இதுதான்: கையில் இருப்பது ஒரே ரைஃபிள். 20 கிலோ ரோ மானிலிருந்து (ஐரோப்பாவின் சிறு மான்) 500 கிலோ மூஸ் (வடநாடுகளின் மிகப்பெரிய மான்) வரை அதைக் கொண்டே வேட்டையாட வேண்டும். விலங்குக்கு ஒரு தோட்டா என்று மாற்றிக்கொண்டிருக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குண்டு வைத்துக்கொள்ள முடியுமா? எந்த வகை, எத்தனை கிரெயின் (குண்டின் எடை அலகு)?

முடியும். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைஃபிள் வைத்திருந்தால் 165 கிரெயின், .30-06 வைத்திருந்தால் 165 அல்லது 180 கிரெயின். வகை என்று பார்த்தால், ஈயக் கருவை உறையோடு ஒட்டவைத்த பான்டெட் குண்டு, அல்லது நடுவே தடுப்புள்ள நாஸ்லர் பார்ட்டிஷன். ஈயம் தடைசெய்யப்பட்ட இடமென்றால் 150 முதல் 168 கிரெயினுக்குள் முழுச் செம்புக் குண்டு. அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு இது போதும். ஏன் இப்படி, எங்கே இது பொய்த்துப்போகும் என்பதுதான் இனி.

பலர் செய்யும் தவறு, சராசரி விலங்கை மனதில் வைத்துக் குண்டு வாங்குவது. அதிகம் சுடப்போவது நடுத்தர மான்தானே என்று மானுக்கேற்ற மென்மையான குண்டை வாங்கிவிடுகிறார்கள். பொதுக் குண்டை எப்போதும் பட்டியலில் உள்ள பெரிய விலங்குக்கு, அதுவும் அது சற்றுச் சாய்வாக நிற்கும்போது குண்டு தோள் எலும்பைத் தாண்டிப் போக வேண்டிய நிலைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம், இரண்டு பக்கத்துத் தவறும் சமமல்ல. கெட்டியான குண்டு சிறிய மானில் பட்டால் இரு பக்கமும் துளைத்து வெளியேறும். உள்ளே காயம் கொஞ்சம் குறுகலாக இருக்கலாம், மான் இன்னும் 40, 50 மீட்டர் கூடுதலாக ஓடி விழலாம். அவ்வளவுதான். மென்மையான குண்டு பெரிய விலங்கின் தோளில் பட்டால் எலும்பின் மேலேயே சிதறிவிடும். நுரையீரலுக்குப் போகாது. அந்த விலங்கு காயத்தோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடி, நாள் கணக்கில் வதைபட்டுச் சாகும். முதல் குறையோடு வாழலாம். இரண்டாவதை எந்த வேட்டைக்காரரும் ஏற்கக் கூடாது.

குண்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆற்றலைவிட முக்கியமானது தாக்கும் நேரத்தில் இருக்கும் வேகம். ஒவ்வொரு வேட்டைக் குண்டும் ஒரு வேக எல்லைக்குள்தான் சரியாக விரியும். அந்த எல்லைக்குக் கீழே போனால் விரியாமல் ஊசி போலத் துளைத்துப் போய்விடும். மேலே போனால் உடைந்து சிதறும். உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டுகளுக்கும் பெரும்பாலான பான்டெட் குண்டுகளுக்கும் கீழ் எல்லை ஏறத்தாழ வினாடிக்கு 550 மீட்டர். முழுச் செம்புக்கு 600-ஐ ஒட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தொலைதூரத்துக்கென்றே மென்மையாக்கப்பட்ட சில குண்டுகள் 400 வரைகூட விரியும். ஆனால் அவை 30 மீட்டரில் எலும்பில் பட்டால் தாங்குவது அரிது. ஆகவே பொதுக் குண்டாக அவை ஆகாது.

கட்டமைப்பில் நான்கு வகை பேசத் தக்கவை. சாதாரண உறைக் குண்டு: செம்புக் கலவை உறை, உள்ளே ஈயம். ஹார்னடி இன்டர்லாக், ரெமிங்டன் கோர்லாக்ட், சியரா கேம்கிங் எல்லாம் இந்த இனம். விலை குறைவு, பெரும்பாலான குழல்களில் நன்றாகக் குழுவும் (சுட்ட குண்டுகள் நெருக்கமாக விழும்), மான் அளவு விலங்குக்கு மிக நல்லது. எலும்பில் பட்டால் எடையில் பாதியை இழப்பது சாதாரணம். சில நேரம் ஈயம் உறையை விட்டே கழன்றுவிடும். .30-06 போன்ற மிதமான வேகத்தில், 180 கிரெயின் எடையில், எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) அளவு வரை இவை பல தலைமுறைகளாக வேலை செய்திருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. வேகம் கூடும்போதுதான் இவற்றின் பலவீனம் வெளிப்படும்.

பார்ட்டிஷன் அந்தப் பலவீனத்துக்கு வந்த முதல் உறுதியான விடை. 1946-இல் கனடாவில் ஒரு மூஸ் வேட்டையில் குண்டுகள் தோளிலேயே உடைந்துபோனதைப் பார்த்த ஜான் நாஸ்லர், உறையின் நடுவே ஒரு செம்புத் தடுப்பை வைத்து ஈயத்தை முன், பின் என இரண்டாகப் பிரித்தார். 1948 முதல் அது விற்பனையில் இருக்கிறது. முன்பாதி மென்மையானது, எளிதில் விரிந்து உதிர்ந்துவிடும். பின்பாதி எதில் பட்டாலும் உடையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். சிறிய மானிலும் உடனே விரியும், மூஸிலும் ஆழம் போகும் என்பதால், பொதுக் குண்டு என்ற சொல்லுக்கு இன்றும் இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு சிலவே. குறை, விலையும், சில குழல்களில் குழு சற்று விரிந்து விழுவதும்.

பான்டெட் குண்டில் ஈயம் உறையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நாஸ்லர் அக்யூபாண்ட், நார்மா ஒரிக்ஸ், ஸ்விஃப்ட் சிராக்கோ, ஃபெடரல் ஃப்யூஷன் ஆகியவை எடுத்துக்காட்டுகள். அக்யூபாண்ட் 60 முதல் 70 சதவீதம் எடையைத் தக்கவைக்கும். ஒரிக்ஸ் அதைவிடக் கூடுதலாக வைத்திருக்கும், அகலமாகவும் விரியும், ஆனால் அதன் மூக்கு மழுங்கலாக இருப்பதால் தூரத்தில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 200 மீட்டருக்குள் காட்டில் சுடுபவருக்கு ஒரிக்ஸ், திறந்தவெளியில் 300 மீட்டர் வரை போகிறவருக்கு அக்யூபாண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, முழுச் செம்பு. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ் போன்றவை. ஈயமே கிடையாது. நுனிக் குழி நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி மடியும். எடையில் 95 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும், ஊடுருவலில் மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டு கட்டாயம். டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் ஈயத்தையும் தடை செய்தது. ஆகவே இது விருப்பத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இனி இருக்காது. ஈயத்துணுக்குகள் காயத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் இறைச்சிக்குள் பரவுகின்றன என்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிகிறது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் நான் செம்பைத்தான் பரிந்துரைப்பேன். ஈயமே சுட்டாலும் காயத்தைச் சுற்றி இரத்தம் உறைந்த சதையை மட்டுமின்றி, அதற்கப்பாலும் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள்.

பட்டியலில் சேர்க்கவே கூடாதவை மூன்று. முழு உறைக் குண்டு (நுனியும் உறையால் மூடியது) விரியாது, பல இடங்களில் பெரிய விலங்குக்குச் சட்டப்படியும் தடை. போட்டிச் சுடுதலுக்கான நுனிக்குழிக் குண்டின் குழி தயாரிப்பின்போது உண்டாவது, விரிவதற்காக வைத்ததல்ல. அது விலங்குக்குள் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிறு கொறித்துண்ணிகளுக்கான மெல்லுறைக் குண்டு பட்ட இடத்திலேயே வெடித்துவிடும்.

இனி எடை. ஒரே காலிபரில் (குண்டின் விட்ட அளவு) எடை கூடக் கூட குண்டு நீளமாகும், அதே வகைக் கட்டமைப்பில் ஊடுருவலும் கூடும். இதை அளக்க செக்‌ஷனல் டென்சிட்டி என்ற எண் உண்டு: கிரெயின் எடையை 7000-ஆல் வகுத்து, வருவதை அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் மீண்டும் வகுக்க வேண்டும். .308 அங்குலக் குண்டில் 150 கிரெயினுக்கு 0.226, 165-க்கு 0.248, 180-க்கு 0.271 வரும். 6.5 மில்லிமீட்டரில் 140 கிரெயின் 0.287. மான் முதல் மூஸ் வரை என்றால் ஈயக் குண்டில் 0.25-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. செம்பில் எடை உதிராததால் 0.225 இருந்தாலே போதும். அதனால்தான் செம்புக்கு மாறும்போது ஒரு படி எடை குறைத்து, 180-க்குப் பதில் 165 அல்லது 150 எடுக்கச் சொல்கிறோம். அந்தக் குறைந்த எடை தரும் கூடுதல் வேகம், செம்பு விரிவதற்குத் தேவையான வேகத்தையும் தூரம்வரை காப்பாற்றித் தருகிறது. இந்த எண் விரியாத குண்டுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும், விரிந்த பிறகு கட்டமைப்புதான் தீர்மானிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேக எல்லையையும் எடையையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். .30-06-இல் 180 கிரெயின் நல்ல வடிவுள்ள பான்டெட் குண்டு குழலை விட்டு வினாடிக்கு சுமார் 823 மீட்டரில் புறப்படும். 100 மீட்டரில் ஏறத்தாழ 760, 200-இல் 700, 300-இல் 640, 400-இல் 585. அதாவது 400 மீட்டரிலும் 550-க்கு மேலேதான் இருக்கிறது. 20 மீட்டரில் திடீரென எதிர்ப்பட்டாலும் 810-ஐத் தாண்டாது, அதைப் பான்டெட் குண்டு தாங்கும். பெரும்பாலோர் நேர்மையாகச் சுடக்கூடிய தூரம் முழுதும் குண்டு தன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மிதமான வேகத் தோட்டாக்கள் பொதுவேலைக்கு இவ்வளவு பொருந்துவதன் காரணம் இதுதான். .300 வின்செஸ்டர் மேக்னம் அதே 180 கிரெயினை 900-க்கு மேல் அனுப்புகிறது. அங்கே சாதாரண உறைக் குண்டை வைத்து 30 மீட்டரில் தோளில் சுட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். மேக்னம் வைத்திருப்பவருக்குப் பான்டெட், பார்ட்டிஷன், செம்பு மூன்றைத் தவிர வேறு வழியில்லை. மறுமுனையில் .30-30 இருக்கிறது. அதன் குறைந்த வேகத்துக்கு .30-06-க்கான கெட்டிக் குண்டு சரியாக விரியாது. குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் வரிசையாக ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், கூர்நுனி முன்தோட்டாவின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) முட்டி வெடிக்கும் ஆபத்தும் உண்டு. அதில் தட்டை மூக்கு, அல்லது அதற்கென்றே செய்த நெகிழ்நுனிக் குண்டு மட்டும்.

மற்ற காலிபர்களுக்குச் சுருக்கமாக: .243-இல் 95 அல்லது 100 கிரெயின் பார்ட்டிஷன், அல்லது 80-ஐ ஒட்டிய செம்பு. மான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூஸுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். 6.5 க்ரீட்மூரில் 140-ஐ ஒட்டிய பான்டெட். 6.5×55-இல் 156 கிரெயின் ஒரிக்ஸ். .270-இல் 140 அல்லது 150. 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னத்தில் 160. இந்த இடைநிலைக் காலிபர்களைக் குறைவாக எண்ண வேண்டாம். நீளமான 6.5 குண்டால் ஸ்காண்டிநேவியாவில் மூஸ் வேட்டை நெடுங்காலமாக நடக்கிறது. பின்னுதை குறைவாக இருப்பதால் கண்ணை மூடாமல் சுட முடிவதே அதில் பாதி வெற்றி.

வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள், ஏனெனில் பொதுக் குண்டின் எடையையே அது முடிவு செய்துவிடலாம். ஜெர்மனியில் ரோ மானுக்குக் குண்டின் ஆற்றல் 100 மீட்டரில் குறைந்தது 1000 ஜூல் இருக்க வேண்டும். செம்மான், காட்டுப்பன்றி போன்றவற்றுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் காலிபரும் 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். ஸ்வீடனில் மூஸ் வகுப்புக்கு 9 கிராம் குண்டென்றால் 100 மீட்டரில் 2700 ஜூல், 10 கிராம் அல்லது அதற்கு மேலென்றால் 2000 ஜூல். ஒரு கிரெயின் 0.0648 கிராம் என்பதால் 10 கிராம் என்பது சுமார் 154 கிரெயின். 6.5×55-க்கு 156 கிரெயின் குண்டு ஏன் அவ்வளவு பிரபலம் என்பது இப்போது புரியும்.

இந்தக் கெட்டிக் குண்டைச் சிறிய மானில் எப்படிப் பயன்படுத்துவது? குண்டை மாற்றாமல் சுடும் இடத்தை மாற்றுங்கள். பக்கவாட்டில் நிற்கும் ரோ மானில், முன்காலின் பின் ஓரத்திலிருந்து நேர் மேலே, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் விலா எலும்புகளுக்கிடையே வையுங்கள். தோளைத் தொடாவிட்டால் இரண்டு தோள் இறைச்சியும் மிஞ்சும். பான்டெட் குண்டு அந்த மெல்லிய மார்பிலும் விரியத் தொடங்கிவிடும். செம்புக்கு மட்டும் வேறு கணக்கு. மெல்லிய விலாவில் அதற்குத் தடையே போதாமல் குறுகலாகத் துளைத்துப் போவதுண்டு. அதனால் தூரம் அதிகமாக இருக்கும்போது செம்பை ஒரு கையகலம் முன்னே, தோளின் மேல் வைப்பதே மேல். கொஞ்சம் இறைச்சி போகும், மான் நின்ற இடத்திலேயே விழும். பெரிய விலங்கில் சாய்வாக நிற்கும்போது, குண்டு வெளியேற வேண்டிய எதிர்ப்பக்கத் தோளை முதலில் மனதில் குறித்து, அதற்கேற்ப நுழையும் இடத்தைப் பின்தள்ளிக் கணிக்க வேண்டும். பின்புறத்தைக் காட்டி நிற்கும் விலங்கை எந்தக் குண்டாலும் சுட வேண்டாம்.

செம்புக்கு மாறுகிறவர்கள் குழலின் முறுக்கை (உள்ளே உள்ள வரிப்பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் நீளம்) சரிபார்க்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, நிலையாகப் பறக்க வேகமான முறுக்கு தேவைப்படுகிறது. .30-06-இல் வழக்கமாக உள்ள 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று எதற்கும் போதும். 12 அங்குல முறுக்குள்ள .308 குழலில் 150 கிரெயினுக்கு மேல் செம்பு வேண்டாம். முறுக்கு தெரியாவிட்டால் அளந்துவிடலாம்: துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, கைப்பிடி சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணித்துண்டை மாட்டிக் குழலுக்குள் சிறிது செலுத்துங்கள். குழல் விளிம்பை ஒட்டிக் கம்பியில் ஒரு கோடும், மேல்பக்கத்தில் ஒரு புள்ளியும் இடுங்கள். தள்ளத் தள்ளக் கம்பி சுழலும். புள்ளி மீண்டும் மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ, அதுவே முறுக்கு. காகித இலக்கில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு தள்ளாடுகிறது என்று பொருள். அந்த எடையைக் கைவிடுங்கள்.

ஈயக் குண்டு சுட்ட குழலில் நேராகச் செம்பைச் சுட்டுக் குழு சரியில்லை என்று முடிவு கட்டுவது இன்னொரு பொதுவான தவறு. முதலில் ஈயக் குண்டின் உறை விட்டுச்சென்ற பழைய செம்புப் படிவை, கரைப்பானில் நனைத்த துணியில் நீலநிறம் வருவது நிற்கும்வரை சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். தோட்டாவை வீட்டில் நிரப்புகிறவர்கள், ஈயக் குண்டின் வெடிமருந்து அளவுப் பட்டியலை அதே எடைச் செம்புக்குப் பயன்படுத்தவே கூடாது. நீளமான குண்டு தோட்டாக் கூட்டுக்குள் இடத்தைப் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்தக் குண்டுக்கென்று வெளியான பட்டியலின் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். குழல் வரிப்பள்ளத்தின் தொடக்கத்திலிருந்து குண்டு 1.3 மில்லிமீட்டர் அளவு தள்ளி உட்கார்ந்தால் செம்பு பெரும்பாலும் நன்றாகக் குழுவும்.

சோதிப்பதற்கு இரண்டு அல்லது மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி போதும். 100 மீட்டரில் மூன்று குண்டுக் குழுவாக, குழலை இடையிடையே ஆறவிட்டு, ஒவ்வொரு வகையிலும் மூன்று முறை சுடுங்கள். மூன்றும் 4 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் வேட்டைக்குத் தாராளம். 2 சென்டிமீட்டருக்காக மென்மையான குண்டுக்குத் தாவ வேண்டாம். ரோ மானின் உயிர்நிலை வட்டமே சுமார் 15 சென்டிமீட்டர். ஒரே குண்டு வைத்துக்கொள்வதன் பெரிய லாபம் இங்கேதான் தெரியும்: 150 கிரெயினும் 180 கிரெயினும் ஒரே ரைஃபிளில் 100 மீட்டரிலேயே பல சென்டிமீட்டர் விலகி விழலாம், மேலே கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும். எதற்கு ஸ்கோப் சரிசெய்தோம் என்ற குழப்பத்தில் காயப்பட்டுத் தப்பிய விலங்குகள் நிறைய.

180 கிரெயின் .30-06-ஐ 100 மீட்டரில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் விழும்படி வைத்தால், சுமார் 180 மீட்டரில் நேராகவும், 250-இல் 13, 14 சென்டிமீட்டர் கீழேயும் விழும். 200 மீட்டர்வரை குறியை மாற்றாமல் சுடலாம். அதற்கு மேல் உங்கள் தோட்டாவின் இறக்கத்தை அந்தத் தூரத்திலேயே காகிதத்தில் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்குப் பிறகு காயத்தைப் பாருங்கள், குண்டைப் பற்றிய உண்மை அங்கேதான் இருக்கிறது. வெளியேறும் துளை 2 முதல் 4 சென்டிமீட்டர், நுரையீரல் சிதைந்திருக்கிறது என்றால் எல்லாம் சரி. வெளித்துளை உள்துளை அளவே இருந்து, நுரையீரலில் பென்சில் கனத்துக்குத்தான் ஓட்டை என்றால் குண்டு விரியவில்லை. தூரம் அதிகமா, குண்டு கெட்டியா என்று யோசியுங்கள். வெளித்துளையே இல்லை, தோலுக்கடியில் வெறும் உறை மட்டும் கிடைக்கிறது என்றால் குண்டு வேகத்துக்கு மென்மையானது. மறுபக்கத் தோலுக்கடியில் 14 முதல் 16 மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரிந்த .308 குண்டு கிடைத்தால் அது தன் வேலையை முடித்திருக்கிறது. ஆனாலும் வெளியேறிய குண்டையே நான் விரும்புவேன். இரண்டு துளை இருந்தால் அடர்ந்த புதரில் இரத்தத் தடம் பிடிப்பது எளிது.

மேல் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். குடு என்ற ஆப்பிரிக்க மான், எல்க், மூஸ் வரை இந்தக் குண்டு போகும். பெரிய ஆப்பிரிக்க மானான ஈலண்டுக்கு 180 கிரெயின் பார்ட்டிஷனோ 165 கிரெயின் செம்போ, எலும்பமைப்பை நன்கறிந்த ஒருவர் அருகில் இருந்தால். கேப் எருமை, யானை, நீர்யானை ஆகியவை இந்தப் பேச்சுக்குள்ளேயே வராது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் அவற்றுக்கு .375 தான் குறைந்தபட்சம், அதற்கு வேறு ரைஃபிளே வேண்டும்.

குண்டு முடிவானதும் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் ஐந்து பெட்டிகளாவது சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த லாட்டுக்குப் போகும்போது, பெட்டியின் பெயரும் எடையும் ஒன்றாகவே இருந்தாலும், வேட்டைக்கு முன் மூன்று குண்டாவது காகிதத்தில் சுட்டு, விழும் இடம் மாறவில்லை என்று பார்த்துவிடுங்கள்.